பிரேக் நிப்பிள் கீழ பாத்தா காத்து எப்படிய்யா வெளிய வரும்?

நாலு மாசம், மூணு பட்டறை, கிட்டத்தட்ட 1,700 மலேசிய வெள்ளி. எதுக்குன்னு கேளுங்க. நல்லாப் பிடிச்சிக்கிட்டிருந்த பின் பிரேக்கைப் பிடிக்காத பிரேக்கா மாத்தினதுக்கு. முதல் திட்டு எனக்குத்தான். அதை இங்கயே வாங்கிக்கிறேன், அப்புறம் மத்தவங்கள நிம்மதியாத் திட்டலாம்.

என் காடி 1997 புரோட்டோன் வீரா, 1.5. முன்னால டிஸ்க், பின்னால டிரம். நெகிரி செம்பிலான்ல பகாவ் சுத்தி இருக்கிற தோட்டத்து ரோட்டுல இத்தனை வருஷம் ஓட்டியாச்சு, ஒரு நாள் காலை வாரினதில்ல. எனக்குத்தான் கொழுப்பு. புது ரிம் போட்டதும் உள்ள இருக்கிற டிரம் துருப்பிடிச்ச சட்டி மாதிரி தெரிஞ்சுது. "பின்னாலயும் டிஸ்க் போட்டா தனி கெத்து மாமா"ன்னு மச்சினன் ஏத்திவிட்டான். "நிறுத்துற வேலையில முக்கால்வாசி முன் பிரேக்தானே செய்யுது, இதுக்கு எதுக்கு மாப்பிள்ளை காசைக் கொட்டுறீங்க"ன்னு மாமனார் கேட்டார். தோட்டத்துல முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டின மனுஷன். கேட்டேனா? பழைய காடியை வெட்டி உதிரி விக்கிற ஹாஃப் கட் கடையில கழட்டி வெச்ச செட்டை 650 வெள்ளிக்கு வாங்கிட்டு வந்தேன்.

முதல் பட்டறை போமன், அதான் மெக்கானிக், ஒரே நாள்ல மாட்டிக் கொடுத்துட்டான். வெளிய எடுத்து முதல் முக்குல பிரேக்கை மிதிச்சா, பெடல் பாதி தூரம் பஞ்சுத் தலகாணி மாதிரி உள்ள போவுது. திரும்பிப் போய்ச் சொன்னேன். "புது பேட்ண்ணே, ஓட்ட ஓட்ட செட் ஆயிரும்." ஏன்யா, பேட் பழகணும், ஒத்துக்கிறேன். பேட் பழகலன்னா பிடி கம்மியா இருக்கும். பெடல் எதுக்குய்யா பஞ்சா இருக்கணும்? பெடல் அப்படி அமுங்கினா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பிரேக் ஓயில் போற லைன்ல இருக்கிற காத்து. இது எனக்கே தெரியும்போது, தினம் பத்துக் காடி பாக்கிறவனுக்குத் தெரியாதா?

அவன் பேச்சைக் கேட்டு ரெண்டு வாரம் ஓட்டினேன். ஒரு சாயங்காலம் மழை. முன்னால குலை ஏத்தின செம்பனை லோரி. தோட்டத்து வாசல்ல திடீர்னு நின்னுட்டான். ரோடெல்லாம் உதிர்ந்த பழம் நசுங்கி எண்ணெய் பிசுபிசுங்குது. ஒரு மிதி, பத்தல. விட்டு மறு மிதி, அப்பத்தான் பிடிச்சுது. லோரியோட பின் கம்பிக்கும் என் போனட்டுக்கும் ஒரு கை அகலம்தான் இருந்திருக்கும். பக்கத்துல என் பொண்டாட்டி. வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

ரெண்டாவது பட்டறை. அவரு போனட்டைத் திறந்தார், பாத்தார், மூடினார். "பெடலை மிதிச்சா ஓயிலைத் தள்ளுதே, அந்த மாஸ்டர் பம்ப் சின்னது. பெருசு போடணும்." போட்டார். பெடல் கெட்டியாச்சு, நானும் சந்தோஷமா கிளம்பிட்டேன். பிடி? முன்ன இருந்ததைவிட மோசம்! அப்புறம் உக்காந்து யோசிச்சாத்தான் புரியுது. பம்பு பெருசானா ஒரே மிதிக்கு ஓயில் நிறையப் போகும், பெடல் சீக்கிரம் கெட்டியாகும். ஆனா அதே கால் பலத்துக்கு லைன்ல ஏறுற பிரஷர் குறைஞ்சிடும். ஆக, வியாதி அப்படியே இருக்கு, மேல போர்வையைப் போத்திட்டார். அதுக்கு 280 வெள்ளி. கொசுறா, மூடி இல்லாம அலமாரியில கிடந்த டாட் 3 ரக பிரேக் ஓயிலை எடுத்து ஊத்தினார். புது டாட் 3 கொதிக்கிறதுக்கே குறைஞ்சது 205 டிகிரி வேணும். அதே ஓயில் தண்ணியை உறிஞ்சிட்டா 140 வரைக்கும் இறங்கிடலாம். நம்ம ஊரு ஈரத்துல திறந்து கிடந்த டப்பா எந்த லட்சணத்துல இருக்கும்? இதை வெச்சுக்கிட்டு நான் புக்கிட் பூத்துஸ் பழைய மலை ரோட்டு வளைவுல இறங்கணுமாம்.

மூணாவது ஆளு இன்னும் மேல. "பின்னால பிரஷரைக் குறைக்கிற வால்வு ஒண்ணு இருக்கு பாஸ், அதைப் புடுங்கி எறிஞ்சிரலாம்." புடுங்கினா நல்லாத்தான் பிடிக்கும். மழையில முன் சக்கரத்துக்கு முன்னாடி பின் சக்கரம் லாக் ஆகி, காடி பம்பரமாச் சுத்தி செம்பனைக்குள்ள போய் நிக்கும். கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே காடியை ஸ்டாண்டுல ஏத்தினேன். மகன் உள்ள உக்காந்து பெடலை மிதிக்க, நான் அடியில படுத்துக் காத்து எடுக்கலாம்னு, அதை வெளிய விடுற சின்னத் திருகு, அதான் நிப்பிள், அதைத் தேடினேன். மேல கைவிட்டுத் துழாவுறேன், இல்ல. கீழ தடவினா இருக்கு. டியூப் மாட்டுறதுக்கு முன்னாடியே ஸ்பேனரைக் கொஞ்சம் திருப்பித் தொலைச்சேன். பிரேக் ஓயில் நேரா சொட்டி என் காதுக்குள்ள இறங்குது. காதைத் துடைச்சிக்கிட்டே பாக்கறேன், நிப்பிள் தரையைப் பாத்துக்கிட்டிருக்கு. எந்திரிச்சு அந்தப் பக்கம் போனேன். அங்கயும் தரையைத்தான் பாக்குது.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் இருக்கே, இடதை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாட்டி வெச்சிருக்கான் அந்தப் புண்ணியவான்! ஹேண்ட்பிரேக் கேபிள் புடலங்கா மாதிரி முறுக்கிக்கிட்டுப் போறப்பவே எவனாவது கேட்டிருக்கணும். காத்து மேலதானே ஏறும்? நிப்பிள் கீழ இருந்தா ஓயில்தான் வரும், காத்து கேலிப்பர் உச்சியில ஜம்முனு உக்காந்திருக்கும். நாலு மாசமா எத்தனை போத்தல் ஓயில் ஊத்தி எடுத்திருப்பாங்க! மூணு பட்டறை, ஒருத்தன்கூடக் குனிஞ்சு பாக்கல. டார்ச் அடிச்சா பத்து வினாடி வேலை. ஆனா குனிஞ்சு பாக்கிறதுக்கு பில் போட முடியாது, பம்புக்குப் போடலாம்.

பக்கம் மாத்தி மாட்டறதுக்குள்ள அடுத்த கூத்து. இந்த மாதிரி ஹேண்ட்பிரேக் சேர்ந்த கேலிப்பர்ல பிஸ்டனைத் திருகித்தான் உள்ள தள்ளணும். அவன் கிளாம்ப் போட்டு நெரிச்சு அமுக்கியிருக்கான். ஒரு பக்கம் உள்ள இருக்கிற திருகு செத்துப்போச்சு. அதான் ஹேண்ட்பிரேக்கைத் தேர்வடம் மாதிரி இழுத்தாலும் மேட்டுல காடி நழுவிச்சு. இன்னொரு கேலிப்பர், இன்னொரு 180.

புது ஓயில் ஊத்திக் காத்து எடுத்தோம். டியூப்ல குமிழி குமிழியா வந்துது, மகன் ஆன்னு வாயைப் பொளந்து பாத்தான். பழைய மாஸ்டர் பம்பையே திரும்ப மாட்டினேன், பெடல் கெட்டி. பிடி இன்னும் கொஞ்சம் குறைச்சல். அதுக்குக் காரணம் அந்த வால்வுதான். மூணாவது ஆளு நோயைச் சரியாச் சொன்னான், மருந்துதான் விஷம். டிரம்முல சக்கரம் சுத்துற வேகமே ஷூங்கிற பிரேக் கட்டையை உள்ள இழுத்து இன்னும் இறுக்கும், அதனால கம்மி பிரஷர் போதும். டிஸ்க்குல அந்த உதவி கிடையாது, அழுத்தினா அழுத்தின அளவுக்குத்தான். டிரம்முக்குக் கணக்குப் பண்ணின வால்வு டிஸ்க்குக்குப் பட்டினி போட்டுடுச்சு. பின்னால டிஸ்க்கோட வந்த அதே ரகக் காடியோட வால்வைத் தேடி மாட்டினப்புறம்தான் பிரேக் பிரேக்கா ஆச்சு. செட் வாங்கின அன்னைக்கே ஹாஃப் கட் கடை முதலாளி தவுக்கே இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நானும் கேக்கல.

போன வாரம் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில முதல் பட்டறை போமனைப் பாத்தேன். கையில கரும்புத் தண்ணி. "பிரேக் எப்படி இருக்குண்ணே?"ன்னான். இப்ப நல்லா இருக்குன்னேன்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல. ஓட்ட ஓட்ட செட் ஆயிரும்னு."