விரைவு பாஸ் வாங்கட்டுமா என்று தம்பி கேட்டான்

நேற்று இரவு தம்பி கூப்பிட்டான். அடுத்த மாதம் குடும்பத்தோடு தீம் பார்க் போகிறான். நுழைவுச்சீட்டை இணையத்தில் எடுத்துக்கொண்டிருக்கும்போது, பணம் கட்டும் இடத்தில் ஒரு கேள்வி வந்து நின்றிருக்கிறது: வரிசையில் நிற்காமல் நேரே செல்ல விரைவு பாஸ் வேண்டுமா? ஆளுக்கு ஒன்று என்று போட்டுப் பார்த்தால் மொத்தச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறதாம். "அக்கா, நீங்கள் பாஸ் எடுத்தும் போயிருக்கிறீர்கள், எடுக்காமலும் போயிருக்கிறீர்கள். வாங்கட்டுமா, வேண்டாமா?" என்றான்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கேயே எழுதுகிறேன். அவனைப் போலவே அந்தக் கேள்வியின் முன்னால் விரலை வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நாள்களில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த பாஸ் தேவையில்லை. தேவைப்படுகிற நாளும் உண்டு. அந்த நாளில் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஒரு ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு ரயிலில் 24 இருக்கைகள், நிமிடத்துக்கு ஒரு ரயில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 1,440 பேர் ஏறலாம். பூங்கா எத்தனை பாஸ் விற்றாலும் இந்த 1,440 என்பது 1,441 ஆகாது. இருக்கிற இடத்தைத்தான் பங்கு போட வேண்டும். நான்கில் மூன்று பங்கை விரைவு வரிசைக்குக் கொடுத்தால் சாதா வரிசைக்கு மிஞ்சுவது மணிக்கு 360 இடம். நீங்கள் போய்ப் பார்க்கும்போது சாதா வரிசையில் 360 பேர் நிற்கிறார்கள். ரயில் முழுவதும் அந்த வரிசைக்கே என்றால் 15 நிமிடத்தில் ஏறிவிடலாம். இப்போது ஒரு மணி நேரம். கூட்டம் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும், ஆனால் கால் நகராது.

பாஸ் என்று ஒன்று இல்லாவிட்டால் அவர்களும் இதே வரிசையில்தானே நிற்பார்கள் என்று கேட்கலாம். நிற்பார்கள், வந்த முறைப்படி. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்றால் யாரும் ஒரே ரோலர் கோஸ்டரில் மூன்று முறை ஏறமாட்டார்கள். பத்து நிமிடம்தான் என்றால் ஏறுவார்கள். அப்படி ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த இருக்கை சாதா வரிசையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். எனக்கு மிச்சமாகும் நேரம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை, பக்கத்துக் கம்பிக்கு அந்தப்புறம் நிற்பவரிடமிருந்து வருகிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இது தெரிந்த பிறகு அந்த பாஸை முன்போல் வெறும் வசதியாக என்னால் பார்க்க முடியவில்லை.

இந்தக் கணக்கை நீங்களே வாசலில் போட்டுப் பார்க்கலாம். ஜான் லிட்டில் என்ற அறிஞர் 1961-ல் நிரூபித்த எளிய விதி ஒன்று உண்டு: ஓரிடத்தில் சராசரியாகக் காத்திருப்போரின் எண்ணிக்கை, அங்கே வந்து சேரும் வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். நமக்கு அதன் பயன் இவ்வளவுதான்: வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்து மலைக்காதீர்கள், மயங்கவும் செய்யாதீர்கள். ஐந்து நிமிடம் ஓரமாக நின்று, சாதா வரிசையிலிருந்து எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணுங்கள். வாசலில் எழுதிப் போட்டிருக்கும் காத்திருப்பு நேரத்தைவிட அது தெளிவாகப் பேசும்.

எல்லாப் பூங்காக்களும் எப்போதும் இப்படித்தான் இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். கலிஃபோர்னியாவில் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டில் முதலில் ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனியாகக் காசு கட்ட வேண்டியிருந்தது. பிறகு ஆங்கில எழுத்து வரிசைப்படி தரம் பிரித்த சீட்டுப் புத்தகங்கள் வந்தன. மிகச் சிறந்த சவாரிகளுக்கு என்று 'இ' சீட்டு 1959-ல் சேர்ந்தது. 1982-ல்தான் அந்தப் புத்தகங்கள் ஒழிந்து, வாசலில் ஒருமுறை காசு கட்டினால் உள்ளே எல்லாமே என்று ஆனது. 1999-ல் டிஸ்னி பூங்காக்களில் ஃபாஸ்ட்பாஸ் வந்தபோது அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நுழைவுச்சீட்டை இயந்திரத்தில் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று அச்சிட்ட ஒரு தாள் கிடைக்கும். முதலில் எழுந்து வருகிறவனுக்கும், விவரம் தெரிந்தவனுக்கும் அது கிடைத்தது, ஆனால் பணக்காரனுக்கு மட்டும் என்று இருக்கவில்லை. வேறு சில பூங்காக்கள் ஏற்கெனவே காசுக்கு விற்றுக்கொண்டிருந்தன. 2021-ல் டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களிலும் இலவச முறை போய், கட்டண முறை வந்தது. 2024-ல் பெயரை மாற்றினார்கள், அதே ஆண்டில் நேரமே குறிக்காமல் நினைத்தபோது நுழையலாம் என்கிற இன்னும் உயர்ந்த விலைப் பாஸும் வந்தது. சவாரிக்குச் சவாரி காசு என்று தொடங்கியது, ஒரே கட்டணம் என்று மாறி, மீண்டும் சவாரிக்குச் சவாரி காசு என்கிற இடத்துக்கே வந்திருக்கிறது. நம் காலத்தில் அதற்குப் பெயர் மட்டும் வேறு.

பாஸ் என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. சில பாஸ்களில் செயலியில் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும், அந்த நேரத்துக்குள் போக வேண்டும். சிலவற்றில் எந்த நேரமும் போகலாம், ஆனால் ஒரு சவாரிக்கு ஒருமுறைதான். சிலவற்றில் எத்தனை முறையும் போகலாம். சில பூங்காக்களின் அடிப்படைப் பாஸில் நேரமே மிச்சமாகாது: சாதா வரிசையில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், வரிசையில் கால் கடுக்க நிற்பதற்குப் பதிலாக நிழலில் உட்கார்ந்து காத்திருக்கலாம் என்பதுதான் வித்தியாசம். முட்டி வலி உள்ளவர்களுக்கு அதுவே பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். எந்தெந்தச் சவாரிகள் பாஸில் அடங்கும் என்ற பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுங்கள். புதிதாகத் திறந்த, எல்லாரும் ஏற ஆசைப்படுகிற ஒன்று அதில் இல்லாமல், தனியாக விற்கப்படலாம்.

நாங்கள் பாஸ் எடுத்துப் போன முறை நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர்கள் நால்வர், தம்பி மகன் ஒருவன். ஐந்து பாஸ் வாங்கினோம். முதல் பெரிய ரோலர் கோஸ்டரின் வாசலில் உயரம் அளக்கும் பலகை. பையன் தானாகவே போய் அதன் கீழே நின்றான். காலணிக்குள் குதிகாலை உயர்த்துவது எனக்குத் தெரிந்தது. அங்கே நின்ற ஊழியப் பெண்ணுக்கும் தெரிந்தது. அவன் தோளில் மெல்லக் கை வைத்தார். குதிகால் இறங்கியது. மூன்று விரற்கடை குறைவு. "அடுத்த வருடம் வா கண்ணா" என்று அவர் சொன்ன விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூங்காவின் ஐந்து பெரிய சவாரிகளில் நான்கில் அவனுக்கு இதே கதைதான். அவன் ஏறக்கூடிய சின்ன ராட்டினங்களில் வரிசையே பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. ஆக, அவனுக்கு வாங்கிய பாஸ் முழுக்க வீண். உயர அளவுகள் அத்தனையும் அந்தப் பூங்காவின் தளத்தில் இருந்தன, வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்திருக்கலாம். அதைவிட, அவன் முகம் அன்று வாடியிருக்காது.

இப்படிச் சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு ஒன்று. ஒருவர் பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியே இருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும், இவர் மறுபடி முழு வரிசையும் நிற்காமல் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு பெரிய பூங்காக்கள் பலவற்றில் உண்டு. டிஸ்னியிலும் யுனிவர்சலிலும் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. அதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. இரண்டு வரிசைகளும் ஏறும் மேடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று சேரும். அங்கே ஓர் ஊழியர் நின்று கையால் நிறுத்தி, கையால் அனுப்புவார். நாங்கள் விரைவு வரிசையில் கிட்டத்தட்ட ஓட்டமாக வந்து சேர்ந்தபோது, கம்பிக்கு அந்தப்புறம் முதல் ஆளாக ஒருவர் நின்றிருந்தார். தோளில் ஒரு பெண் குழந்தை தூங்கிவிட்டிருந்தது, வாய் திறந்தபடி, அவர் சட்டையில் எச்சில் ஈரம். கூடவே கைபிடித்து ஒரு பையன். ஊழியரின் உள்ளங்கை அவர் முன்னால் உயர்ந்திருந்தது. நாங்கள் ஐந்து பேர் போனோம். எங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர் கொண்ட ஒரு கூட்டம் போனது. அதன் பின்னால் இன்னும் நான்கு பேர். நான் திரும்பிப் பார்த்தபோது கை இன்னும் இறங்கவில்லை. அவர் கோபப்படவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய பயணத்தில் அந்தக் கை என் முன்னால் உயர்ந்திருந்தது. எனக்குத் தெரியும், அந்தப் பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று. வரிசைகளைப் பற்றி ஆராய்ந்து எழுதிய டேவிட் மைஸ்டர் 1985-லேயே சொல்லியிருக்கிறார்: வேலையற்றுக் காத்திருக்கும் நேரம் நீண்டதாகத் தோன்றும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீண்டதாகத் தோன்றும், நியாயமற்றதாகப் படும் காத்திருப்பும் அப்படியே. சாதா வரிசையின் கடைசி இருபது அடியில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. பூங்காக்கள் நினைத்தால் இந்த வலியைக் குறைக்கலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை இடங்களை பாஸுக்கு ஒதுக்குகிறோம் என்று வாசலில் எழுதிப் போடலாம். பாஸ் விற்பனைக்கு ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டாமல் இருக்கலாம். விற்றுத் தள்ளினால் விரைவு வரிசையே நாற்பது நிமிடம் ஆகிவிடும், வாங்கியவனுக்கும் பயனில்லை, வாங்காதவனுக்கும் பயனில்லை. அப்படியொரு விரைவு வரிசையிலும் நான் நின்றிருக்கிறேன்.

சரி, எப்போது வாங்கலாம்? வாழ்நாளில் ஒருமுறைதான் அந்த ஊருக்குப் போகப்போகிறோம், ஒரே ஒரு நாள்தான், அதுவும் விடுமுறைக் கூட்டம் என்றால் வாங்குங்கள். வயதான அம்மாவோ அப்பாவோ ஆசைப்பட்டு வருகிறார்கள், அவர்களால் நிற்க முடியாது என்றால் வாங்குங்கள். ஆனால் நடமாட்டக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பல பூங்காக்கள் தனி ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன, அதை முதலில் விசாரியுங்கள். அந்த உரிமை காசு கொடுத்து வாங்க வேண்டியதல்ல. உங்கள் வீட்டில் ரோலர் கோஸ்டர் என்றால் உயிர் என்கிற பிள்ளைகள் இருந்து, எத்தனை முறையும் ஏறலாம் என்கிற பாஸும் கட்டுப்படியாகுமென்றால் அவர்களுக்கு மட்டும் வாங்குங்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

பள்ளி நடக்கும் வாரத்தின் நடு நாள், மேகமூட்டம், இரண்டு நாள் சீட்டு: வேண்டவே வேண்டாம்.

இடைப்பட்ட நாள்களுக்கு நான் செய்வது இது. வீட்டில் உட்கார்ந்து, நாம் உண்மையாகவே ஏறப்போகிற பெரிய சவாரிகளை மட்டும் எழுதுவேன். ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று போடுவேன். எல்லாவற்றையும் கூட்டி மணி நேரமாக்கி, பாஸ் விலையை அதால் வகுப்பேன். நாங்கள் பாஸோடு போன நாளில் ஏழு சவாரி ஏறினோம். அவற்றில் மூன்றில்தான் சாதா வரிசை அரை மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. திரும்பி வந்து கணக்குப் போட்டபோது, ஒரு மணி நேர மிச்சத்துக்குக் கொடுத்த விலை, முழு நாள் நுழைவுச்சீட்டின் விலையில் பாதிக்கு மேல் வந்தது. அந்த மிச்ச நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுப்பொருள் கடையில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

காசில்லாமல் கிடைக்கும் விரைவு பாஸ் ஒன்று உண்டு, அது காலை நேரம். கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். வெகு முன்னதாகப் போக வேண்டியதில்லை, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பு போதும். கூட்டம் வாசலுக்கு அருகில் இருக்கும் முதல் சவாரியிலேயே தங்கிவிடும். நீங்கள் உள்ளே, தூரத்தில் இருக்கும் பெரியதற்கு நேரே போய்விடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று பெரிய சவாரிகளை முடித்துவிடலாம், மதியத்தில் அதே மூன்றுக்கு அரை நாள் போய்விடும். வளர்ந்த பிள்ளைகள் என்றால் தனி ஆள் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். மூவராகவோ ஐவராகவோ வருபவர்கள் அமர்ந்ததும் மிஞ்சும் ஒற்றை இருக்கையை நிரப்ப அதிலிருந்துதான் ஆளை எடுப்பார்கள். சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் அந்த இருக்கை காலியாகப் போயிருக்கும், யாரிடமிருந்தும் எடுத்தது ஆகாது. எனக்கு அந்த வரிசை மிகவும் பிடிக்கும்.

காத்திருப்பது முழுக்க வீண் என்றும் நான் நினைப்பதில்லை. நாங்கள் பாஸ் இல்லாமல் போன முறை, ஐம்பது நிமிட வரிசையில் என் மகளும் அவள் அத்தையும் விடுகதை போட ஆரம்பித்தார்கள். முன்னால் நின்ற முன்பின் தெரியாத குடும்பமும் சேர்ந்துகொண்டது. அன்று ஏறிய சவாரியின் பெயர் எனக்கு நினைவில்லை. மகள் அந்த விடுகதைகளை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி, உனக்கு என் பதில் இது. நீ போவது விடுமுறையின் நடுவில், ஒரே ஒரு நாள். பையன் இப்போது வளர்ந்துவிட்டான், ஆனாலும் முதலில் அவனைச் சுவரோரம் நிறுத்தி அள. இன்று பாஸ் வாங்காதே. பாஸ் முன்கூட்டியே விற்றுத் தீரக்கூடிய பூங்காவா, உள்ளே போன பிறகும் வாங்க முடியுமா என்று மட்டும் விசாரித்து வை. பிறகு வாங்கலாம் என்றால், கதவு திறக்கும் நேரத்துக்குப் போய், முதல் இரண்டு பெரிய சவாரிகளை ஏறிவிட்டு, பதினோரு மணிக்கு மற்ற வரிசைகளைப் பார்த்து முடிவு செய். அப்போதும் தேவை என்று பட்டால் உனக்கும் பையனுக்கும் மட்டும் வாங்கு. உன் மனைவிக்கு ரோலர் கோஸ்டர் பிடிக்காது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் சேர்த்து வாங்கிவிடாதே. எப்படிப் போனது என்று அன்று இரவே கூப்பிட்டுச் சொல்.