மெய்ப்புப் பார்த்தவர் பெயர் எங்கே?

போன வாரம் என் புதிய நாவல் கைக்கு வந்தது. உடனே இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது. பக்கம் வடிவமைத்தவர், அச்சகம், எல்லாம் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்த இந்த 240 பக்கங்களையும் எழுத்து எழுத்தாக இரண்டு முறை படித்த, அதாவது மெய்ப்புப் பார்த்த மனிதரின் பெயர் மட்டும் இல்லை. இத்தனைக்கும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். பதிப்பகத்தில் கேட்டதற்கு, "அதெல்லாம் போடுற வழக்கம் இல்லைங்க" என்றார்கள். அன்று முழுக்க எனக்கு எழுத்தே ஓடவில்லை.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஐயா என்றுதான் கூப்பிடுவேன். பதினோரு வருடப் பழக்கம். திரையில் படிக்க மாட்டார், தாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அடிக்கோலை வரிக்குக் கீழே வைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே போவார். சிவப்பு மையில் அவர் எழுதும் 'லை' இன்னும் யானைத் தும்பிக்கை போட்ட பழைய 'லை'தான். 1978இல் அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது அவர் கை பழைய வடிவத்தில் ஊறிவிட்டிருந்தது. அந்தத் தும்பிக்கையைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

'கீரை கடை' என்றால் கீரையைக் கடையச் சொல்வது, 'கீரைக் கடை' என்றால் கீரை விற்கும் இடம். ஒரு 'க்'கில் பொருளே மாறிவிடுகிறது. 'பணி ஓய்வு' என்பது 'பனி ஓய்வு' ஆகிவிட்டால் பிழைதிருத்தும் மென்பொருள் பல நேரம் விட்டுவிடும், இரண்டுமே தமிழ்ச் சொல்தானே. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். இதையெல்லாம் கடைசியில் ஒரு மனிதக் கண்தான் பிடிக்கிறது.

எங்களுக்குள் சண்டையும் வந்திருக்கிறது. கதையில் வரும் பாட்டி 'வெச்சிருக்கான்' என்று பேசுவாள். ஐயா அதை எல்லா இடத்திலும் 'வைத்திருக்கிறான்' என்று திருத்திவிட்டார். எனக்குக் கோபம் வந்து ஏதோ சொல்லிவிட்டேன். நான்கு நாள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். "உரையாடலை மட்டும் தனியா எடுத்துச் சத்தமாப் படிச்சுப் பார்த்தேன்பா. பாட்டி பேசுறபடியே இருக்கட்டும்." அந்த நான்கு நாளும் அவர் என் பாட்டியின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதைவிட நல்ல வாசகர் எனக்கு எங்கே கிடைப்பார்?

19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் புத்தகங்களின் முகப்புத் தாளைப் பாருங்கள். 'இன்னாரால் பரிசோதிக்கப்பட்டு' இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று பல நூல்களில் இருக்கும். 1861இல் திருக்குறள் பரிமேலழகர் உரையைப் பதிப்பித்த ஆறுமுக நாவலரின் பெயருக்கு இருந்த மதிப்பே, அவர் கை பட்டதில் பிழை இருக்காது என்பதுதான். அந்தப் பரிசோதனை என்பது ஓலை ஏடுகளை ஒப்பிடுவதையும் சேர்த்தது, சரி. ஆனால் பிழைக்குப் பொறுப்பேற்றவரின் பெயரை அன்று முகப்பிலேயே அச்சிட்டார்கள். இன்று கடைசி அட்டையின் உள்பக்கத்தில்கூட இடமில்லை என்கிறோம்.

பணமும் பெரிதாக இல்லை. இந்த நாவலுக்குப் பக்கத்துக்கு 15 ரூபாய், மொத்தம் 3,600. ஒன்றரை மாத உழைப்பு. இதில் எனக்கு இன்னும் வலிப்பது வேறொன்று. ஐயா பார்த்து முடித்த பிறகு, கடைசி அத்தியாயத்தில் நான் இரண்டு பத்திகள் சேர்த்தேன். அவசரம், அவரிடம் காட்டவில்லை. சரியாக அந்த இரண்டு பத்திகளில் மூன்று பிழைகள். ஒரு நண்பர் படித்துவிட்டு, "யாருப்பா இதைப் பார்த்தது, ஒழுங்காப் பார்க்கலையே" என்றார். பிழை என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். ஐயாவிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

எழுதுகிற நண்பர்களே, பதிப்பகத்தில் ஒப்பந்தம் பேசும்போதே இதையும் கேளுங்கள். ஒரே ஒரு வரிதான். இனி அந்த வரி இல்லாமல் என் புத்தகம் அச்சுக்குப் போகாது.

அடுத்த தொகுப்புக்கான இரண்டாம் பக்கத்தை நேற்றே எழுதி ஐயாவிடம் கொடுத்தேன். 'மெய்ப்பு பார்த்தவர்' என்று போட்டு அவர் பெயர். இன்று காலை தாள் திரும்பி வந்தது. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'மெய்ப்பு'க்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு 'ப்'.