முத்திரை ஒட்டின கடதாசியும் பிள்ளையின் சாப்பாட்டுக் காசும்

பிரிந்த ஒரு கணவன் மனைவிக்கு ஊர்ச் சங்கத்துப் பெரியாக்கள் கோயில் மண்டபத்தில் வைத்து எழுதிக் கொடுத்த அந்தக் கடதாசியைப் பற்றி ஒன்றும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்றிரவும் ஒரு வட்ஸ்அப் குழுவில், "எங்கட ஊர்ப் பெரியாக்கள் கோடு கச்சேரி ஏறாமல் வடிவா முடிச்சு வைச்சிருக்கினம்" என்று கைகூப்பும் படத்தோடு வந்து கிடந்தது. வடிவாகத்தான் இருக்கிறது. முத்திரை ஒட்டி, சங்கத்துச் சீல் குத்தி, இரண்டு பக்கத்துச் சாட்சிகளும் கையெழுத்து வைத்து. மனைவி தாபரிப்புப் பணம், அதாவது தனக்கும் பிள்ளைக்கும் வாழ்க்கைச் செலவுக் காசு, எதுவும் கேட்க மாட்டாராம். கணவர் பிள்ளையில் எந்த உரிமையும் கோர மாட்டாராம். இன்றிலிருந்து இருவரும் சுதந்திரமாக வாழலாமாம்.

மூன்று வரி. மூன்றும் பிழை.

காசில் இருந்து தொடங்குகிறேன். பிள்ளைக்கான தாபரிப்பு பிள்ளைக்கு உரியது. தாய் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால் அது பிள்ளையைக் கட்டாது. கோயில் மண்டபத்தில் எழுதினாலும் கட்டாது, நொத்தாரிசிடம் போய் எழுதினாலும் கட்டாது. இன்றைக்குக் கையெழுத்து வைத்த அதே தாய், நாளைக்கே இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போடலாம். "அவ எழுதித் தந்தவ ஐயா" என்று அவர் கடதாசியை நீட்டினால் வழக்கு நின்றுவிடாது. பிள்ளைக்கு 18 வயது வரை கேட்கலாம். அதற்குப் பிறகும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வழியில்லாமல் இருந்தால் 25 வரை கேட்கலாம். வலுவிழந்த பிள்ளைக்கு வயதெல்லையே இல்லை. இதைச் சங்கத்துச் செயலாளர் வாசித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சீல் குத்த முதல் ஒரு ஆளிடம் கேட்டிருக்கலாம்.

இரண்டாவது வரி. தகப்பன் "உரிமை கோர மாட்டேன்" என்று எழுதியதால் தகப்பன் இல்லாமல் போய்விடமாட்டார். பிள்ளையின் கட்டுக்காவல், அதாவது பிள்ளை யாரோடு வளர்வது, என்பதில் தகராறு வந்தால் மாவட்ட நீதிமன்றம் தீர்க்கும். எங்கள் நாட்டில் இன்னும் ஒல்லாந்தர் காலத்து ரோமன் டச்சுச் சட்டம்தான் அடித்தளம். முறைப்படி கலியாணம் செய்த தகப்பனையே இயற்கைப் பாதுகாவலனாக அது பார்க்கும். ஆனால் நீதிமன்றம் கடைசியில் பார்ப்பது பிள்ளையின் நலனை. சின்னப் பிள்ளை என்றால் பொதுவாகத் தாயிடம் விடுவார்கள். தேவைப்பட்டால் நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய், பிள்ளை எங்கே படுக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம், வீட்டில் வேறு யார் யார் என்று பார்த்து அறிக்கை கொடுப்பார். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் நீதிபதி தனியாகக் கூப்பிட்டும் கதைப்பார். மண்டபத்தில் பிள்ளையிடம் யார் கதைத்தது?

மூன்றாவது வரிதான் ஆபத்தானது. "சுதந்திரமாக வாழலாம்" என்றால் என்ன? விவாகரத்தா? இலங்கையில் பொதுச் சட்டத்தின் கீழ் "எங்கள் இரண்டு பேருக்கும் விருப்பம்" என்ற காரணத்துக்கு விவாகரத்துக் கிடையாது. காரணம் மூன்றுதான்: கலியாணத்துக்குப் பிறகு வேறு தொடர்பு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போனது, கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. அதையும் மாவட்ட நீதிமன்றத்தில் நிரூபிக்க வேணும். முதலில் ஒரு தீர்ப்பு வரும். மூன்று மாதம் கழிந்து அது முடிவானதாக மாறின பிறகுதான் கலியாணம் முறியும். அதற்கு முதல் இரண்டு பேரில் ஒருவர் இன்னொரு கலியாணப் பதிவு வைத்தால் இருதார மணம். தண்டனை 7 வருடம் வரை போகும். (முஸ்லிம் சகோதரங்களுக்குச் சட்டமும் வேறு, காதி நீதிமன்றமும் வேறு. நான் இங்கே எழுதுவது அவர்களுக்குப் பொருந்தாது.)

இன்னும் இருக்கிறது. கையெழுத்து வைத்த அந்தப் பெண் நாளைக்கு உண்மையிலேயே வழக்குப் போட்டு "என்னைக் கைவிட்டுப் போனவர்" என்று சொன்னால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டப் போவது இந்தக் கடதாசியைத்தான். "கைவிட்டுப் போகவில்லை கனம் நீதிபதி அவர்களே, இரண்டு பேரும் சம்மதித்துப் பிரிந்தவர்கள்." முடிந்தது கதை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து அவளுடைய வழக்கின் நடுத் தூணைப் பெரியாக்கள் உருவிவிட்டார்கள். அவள் இன்னொருவரோடு வாழ்ந்து பிள்ளை பெற்றால் அதுவும் சிக்கல். கலியாணம் சட்டப்படி முறியாத வரைக்கும் பிறக்கிற பிள்ளை பழைய கணவனுடையது என்றே சாட்சியங்கள் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கிற பாரம் அவள் தலையில்.

"கோடு ஏறினால் வருசக்கணக்கில இழுபடும், ஏழைச் சனம் எங்க போறது?" இப்படி ஒருவர் எழுதியிருந்தார், நியாயமான கேள்விதான். விவாகரத்து வழக்கு இழுபடும், ஒத்துக்கொள்கிறேன். தாபரிப்பு வேறு. அது வேறு நீதிமன்றம், வேறு வழக்கு. விவாகரத்துப் போடாமலே, சேர்ந்து வாழுகிற எண்ணம் மிச்சம் இருந்தாலும்கூட, தாபரிப்பு மட்டும் கேட்கலாம். அவள் வசிக்கிற இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே போடலாம், அவர் இருக்கிற இடத்துக்கு அலையத் தேவையில்லை. வழக்கு முடியும் வரை இடைக்காலக் கட்டளை கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கிராம அலுவலரிடம் வருமானக் கடிதம் எடுத்துக்கொண்டு போனால் போதும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஏழைச் சனத்துக்கு வழி இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தக் கதவுகளில் எத்தனையைத் தட்டிப் பார்த்தார்கள்?

வழக்குத் தவறிப் போகிற இடம் வேறு. ஒரு இளம் பெண்பிள்ளை, புதுக்குடியிருப்புப் பக்கம், கைக்குழந்தையோடு வந்தது. சொப்பிங் பைக்குள் எல்லாம் ஒழுங்காய் வைத்திருந்தது: பிறப்பு அத்தாட்சி, விவாக அத்தாட்சி, கிளினிக் கொப்பி, கலியாணப் படம்கூட. கணவனின் விலாசம் கேட்டால், "கொழும்பில மேசன் வேலை அண்ணை." அவ்வளவுதான். போட்ட அழைப்பாணை திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் சும்மா இருந்த மாமிதான் சொன்னா: "அவன் வருசா வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தாய் வீட்டை வருவானே." வைகாசியில் அந்தப் பொங்கல் வந்தபோது தாய் வீட்டில் வைத்தே அழைப்பாணை கையில் கிடைத்தது. அழைப்பாணை கிடைத்தும் வராமல் இருந்தால், அவர் இல்லாமலே விசாரிக்க நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. ஆகவே முதல் வேலை விலாசம். வேலைத்தலம், மேசனை அனுப்புகிற கொந்தராத்துக்காரரின் பெயர், வாகன நம்பர், தாய் தகப்பன் வீடு, எது தெரிந்தாலும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது வருமானம். "நான் கூலி, கையில ஒண்டுமில்லை" என்பதுதான் வழமையான பாட்டு. உடல் வலு இருக்கிற மனிதனுக்கு உழைக்கும் வலுவும் வருமானமாகவே பார்க்கப்படும் என்பது இந்த நாட்டு நீதிமன்றங்கள் எப்போதோ சொல்லிவிட்ட விசயம். ஆனால் ஆதாரம் இல்லையென்றால் தொகை சின்னதாகத்தான் விழும். வயல் செய்கிறவர் என்றால் கமநல சேவை நிலையத்தில் உர மானியத்துக்கு எத்தனை ஏக்கர் காட்டியிருக்கிறார் என்று பாருங்கள். மானியம் எடுக்கும்போது ஏக்கர் கூடும், தாபரிப்பு வழக்கில் சுருங்கும், அப்படி ஒரு அதிசயக் காணி வன்னியில் நிறைய இருக்கிறது. கடற்தொழில் என்றால் வள்ளத்தின் பதிவு, உழவு இயந்திரம் என்றால் அதன் பதிவு. அரசாங்க வேலை என்றால் கவலையே இல்லை, சம்பளத்திலேயே வெட்டக் கட்டளை எடுக்கலாம். உங்கள் பக்கத்துச் செலவுக் கணக்கையும் கொண்டு போங்கள்: பால்மா, பள்ளிக்கூட வான், ரியூசன், சப்பாத்து, மருந்து. ரசீதுத் துண்டு இருந்தால் அதோடு. "மாசம் ஏதோ போகுது ஐயா" என்று கூண்டில் நின்று சொன்னால் நீதவான் எதை வைத்துத் தொகை போடுவார்?

கட்டளை வந்த பிறகு கையில் காசு வாங்காதீர்கள். கொடுக்கவும் வேண்டாம். நீதிமன்றத்தில் கட்டுங்கள், அல்லது வங்கிக் கணக்கில் போடுங்கள். கையில் கொடுத்த காசுக்குச் சாட்சி கிடையாது. பிறகு "குடுத்தனான்", "தரேல்லை" என்று அதற்கே ஒரு வழக்கு. கட்டாமல் விட்டால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று பார்த்துக்கொண்டு இருக்கவும் கூடாது. நிலுவைக்கு உடனே மனுப் போடுங்கள். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியலில் (சிறையில்) போட நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. உண்மையிலேயே அவருக்கு வேலை போய்விட்டதா? தொகையைக் குறைக்கச் சொல்லி அவரும் மனுப் போடலாம். சாமான் விலை ஏறினால் கூட்டச் சொல்லித் தாயும் போடலாம்.

"பதிவே இல்லாத கலியாணம், பிறகென்ன வழக்கு?" இதைக் கேட்டவர் ஒரு ஆசிரியர். ஐயா, பிள்ளையின் உரிமை தாய் தகப்பனின் பதிவில் தொங்கவில்லை. கலியாணமே நடக்காவிட்டாலும், தகப்பன் யார் என்று நிரூபித்தால் தாபரிப்புக் கேட்கலாம். சண்டைக் காலத்தில் பதிவாளரைத் தேடிப் போயா எல்லோரும் முடித்தார்கள்? தாலி, கூறையோடு முறையாக நடந்த கலியாணத்தைப் பதிவு இல்லை என்பதற்காக மட்டும் சட்டம் தள்ளிவிடுவதில்லை. ஐயர், படம், வந்திருந்த சனம், 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் ஒரே குடும்பமாய்ப் பதிந்த அட்டை, இவையெல்லாம் சாட்சி. எறியாமல் வைத்திருங்கள்.

"அப்பன்மாரின்ர பக்கம் கதைக்க மாட்டியளோ?" கதைக்கிறேன். காசைக் கட்டிவிட்டுப் பிள்ளையின் முகம் பார்க்க ஏங்குகிற தகப்பன்மாரையும் தெரியும். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: "பிள்ளையைக் காட்டேல்லை, காசு தரமாட்டன்" என்று நிற்காதீர்கள். தாய்மாரும் "காசு தரேல்லை, காட்ட மாட்டன்" என்று நிற்கக் கூடாது. பார்க்கும் உரிமைக்கு மாவட்ட நீதிமன்றத்தில் கேளுங்கள். கேட்கும்போது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கூட்டிக்கொண்டு வருவது, பள்ளிக்கூட விடுமுறையில் எத்தனை நாள், போன் எப்போது, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். "விரும்பிய நேரம் பார்க்கலாம்" என்று இணங்கிப் போனவர்கள்தான் படலையில் நின்று சண்டை பிடிக்கிறார்கள். சரி, கதைத்துவிட்டேன். இந்தக் கடதாசியில் "உரிமை வேண்டாம்" என்று சந்தோசமாகக் கையெழுத்து வைத்தவருக்காகவும் நான் அழ வேணுமோ?

போன பதிவுக்குக் கீழே ஒருவர் என்னைக் "குடும்பம் பிரிக்கிற ஏஜென்சி" என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் சிரிப்பு முகம் போட்டிருந்தார்கள், அதில் என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள். இருக்கட்டும். நான் பிரிக்கவில்லை, அவர்கள் முதலே பிரிந்துவிட்டார்கள். அடி வாங்கிக்கொண்டு இருக்கிறவளுக்கு 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம் என்று சொல்வதும் உங்களுக்குப் பிரிப்பதுதான். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குப் போன் எடு என்று சொல்வதும் பிரிப்பதுதான். ரொறன்ரோவில் இருந்து "ஊர் வழக்கத்தை ஊரில தீருங்கோ" என்று எழுதுகிற அண்ணைக்கு ஒன்று கேட்கிறேன்: உங்கள் ரொறன்ரோவில் பிள்ளைக் காசைக் கட்டாமல் கோயில் நிர்வாக சபையிடம் துண்டு வாங்கிக்கொண்டு போய்க் காட்டிப் பாருங்களேன்.

இணக்கசபையோடு இதை ஒப்பிடுகிறவர்களும் உண்டு. அது தகராறுகளைக் கதைத்துத் தீர்க்கச் சட்டப்படி அமைந்த சபை, அதற்குக்கூட ஒரு கலியாணத்தை முறிக்க அதிகாரம் இல்லை.

சேர்த்து வைக்கவும் தீர்த்து வைக்கவும் இவ்வளவு அவசரப்படுகிற எங்கள் சங்கங்கள், கணவன் காணாமற்போன அக்காமாருக்கு என்ன செய்தன? 2016இல் இறப்புப் பதிவு பற்றிய சட்டத்தைத் திருத்தி, இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராதவர்களுக்காகக் காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழ் ஒன்று கொண்டுவந்தார்கள். அது கலியாணத்தை முறிக்காது, ஆள் செத்துவிட்டார் என்றும் சொல்லாது. ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் உதவிப் பணத்துக்கும் அந்தச் சான்றிதழைக் காட்டலாம். தெரியாமல் இன்னும் எத்தனை பேர். பிள்ளையின் பெயரில் இருக்கிற காணியைத் தாய் தன் கையெழுத்தில் விற்கப் போய், காணி உறுதியே நிலைக்காமல் போகிறது. மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் காணியை விற்க முடியாது என்று வாங்குகிறவருக்கும் யாரும் சொல்வதில்லை. தாய் குவைத்திலும் தகப்பன் இல்லாமலும் பேரப்பிள்ளையை வளர்க்கிற அம்மம்மாவிடம், ஆஸ்பத்திரியில் "கார்டியன் ஆர்? கடிதம் எங்க?" என்று கேட்கிறார்கள். அவ கிராம அலுவலரிடம் ஓடுகிறா, அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு, அங்கிருந்து நன்னடத்தைக்கு. அவவுக்காக எந்த மண்டபத்தில் யார் கதிரை போட்டார்கள்?

தாபரிப்பு வழக்குக்கு என்ன கொண்டு போவது என்று இன்பொக்ஸில் கேட்டிருந்த தங்கச்சிக்கு இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பிறப்பு அத்தாட்சியின் போட்டோப்பிரதி மட்டும் போதாது, மூலப்பிரதியும் கொண்டு போங்கோ. தகப்பன் பெயர் அதில் இல்லையென்றால் அவர் அனுப்பின மெசேஜ், காசு போட்ட துண்டு எல்லாவற்றையும் பிரிண்ட் எடுங்கோ, போனையும் விற்க வேண்டாம். தவணைத் திகதியைத் தவற விட வேண்டாம், தவற விட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். பஸ் பிந்தினால் சட்டத்தரணிக்கு ஒரு போன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லாத நாளில் பள்ளிக்கூடத்துக்கே விடுங்கோ.