வீட்டில் குழைத்தால் அது ஏமாற்றா?

நேற்று நம் கலைக் குழுவில், பேஸ்ட்டால் இதழ்களை மேடாகக் கட்டிய என் தாமரைப் படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "சாக் பவுடரையும் ஃபெவிகாலையும் கலந்து தடவிட்டு 2,500 ரூபாயா? ஏமாத்து வேலை" என்று ஒருவர் எழுத, 40 பேர் சிரிப்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் என்னிடமே இன்பாக்ஸில் கலவை அளவு கேட்டு வாங்கியவர்களும் உண்டு. அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

ஆமாம், பேஸ்ட்டை நான் வீட்டில்தான் செய்கிறேன். என்றைக்கும் மறைத்ததில்லை. இரண்டு பங்கு சாக் பவுடர், ஒரு பங்கு ஃபெவிகால், அரைப் பங்கு வெள்ளை அக்ரிலிக் வண்ணம். பவுடரைப் பழைய வேட்டித் துணியில் சலிக்காவிட்டால் ஒவ்வொரு இதழிலும் கட்டி தட்டும். வடை மாவுப் பதம் வரவேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் காயும்போது சுருங்கி வெடிக்கும். மெல்லிசாக ஒரு பூச்சு, ஒரு நாள் காயவேண்டும், அப்புறம்தான் அடுத்தது. அந்தத் தாமரைக்கு ஐந்து பூச்சு.

இந்தப் பதம் சும்மா வந்துவிடவில்லை. முதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில்தான் ஆரம்பித்தேன். ஜிப்சத்தைச் சூடாக்கி நீரை விரட்டிய பொடி அது, தண்ணீர் பட்டால் திரும்ப ஜிப்சமாகவே இறுகிவிடும். அது தெரியாமல் அம்மாவின் பேர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணத்தில் கலந்துவிட்டுக் கத்தியைத் தேடினேன். வந்து பார்த்தால் கிண்ணத்தோடு கல்லாகிக் கிடக்கிறது. அம்மா திட்டவில்லை. கொல்லையில் உட்கார்ந்து தட்டித் தட்டி எடுத்துவிட்டு, ஒரு கொட்டாங்குச்சியை என் கையில் கொடுத்தார். "இனிமே இதுல கலக்கு."

வீட்டுப் பேஸ்ட் கலையில்லை என்றால், தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு கட்டும் மக்கு என்ன? அதுவும் பொடியும் பசையும்தான். அதன்மேல் தங்கத்தாள் ஒட்டியதும் கைகூப்புகிறோமே! 15ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்கள் பலகையில் பூசிய ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சும் ஜிப்சமும் தோல் பசையும்தான். அவர்களும் கலந்துதான் தடவினார்கள்.

"கடைப் பேஸ்ட்தான் நீடிக்கும்" என்பீர்கள். சரி, அதில் நியாயம் இருக்கிறது. நல்ல அக்ரிலிக் பேஸ்ட் வளைந்து கொடுக்கும், ஈரத்துக்கு இளகாது. என்னுடையது வளையாது, ஈரத்தில் இளகும். அதனால்தான் கேன்வாஸில் போடாமல், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையில் போடுகிறேன், இரண்டு முறை வார்னிஷ் அடிக்கிறேன், ஓதமேறும் சுவரில் மாட்டாதீர்கள் என்று வாங்குபவரிடம் சொல்லியே கொடுக்கிறேன். ஏமாற்றுகிறவள் இதையெல்லாம் சொல்வாளா?

"பொருள் விலை 200 ரூபாய்கூட ஆகாதே" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. என் ஒரு வாரம் எங்கே போயிற்று? பொடி மூக்கில் ஏறாமலிருக்க வெயிலில் முகக்கவசத்தோடு உட்கார்ந்த மதியங்கள்? மணிக்கட்டு வலி?

உண்மையில் பேஸ்ட் இல்லை இவர்களுக்குப் பிரச்சினை, வீடுதான். ஓர் ஆண் ஸ்டுடியோவில் தன் வண்ணத்தைத் தானே அரைத்தால் "கைப்பட அரைக்கிறார்" என்கிறார்கள். நான் அடுப்படித் திண்ணையில் குழைத்தால் "வீட்ல சும்மா இருக்கும்போது செய்யறீங்களா" என்கிறார்கள். எட்டு வருடமாக இந்த "சும்மா"வைக் கேட்கிறேன். சொந்தக்காரர்கள் சொன்னபோது பொறுத்துக்கொண்டேன். கலைக்கான குழுவிலும் அதையே கேட்க வேண்டுமா?

விலை அதிகம் என்று தோன்றினால் வாங்காதீர்கள், எனக்கு வருத்தமில்லை. அந்தக் கமெண்ட்டை அழிக்கவும் வேண்டாம். "ஏமாத்து" என்ற அந்த ஒரு சொல்லை மட்டும், எழுதிய அதே இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.