எட்டு போட்டாச்சு, அடுத்து என்ன வண்டி?

அக்கா மகன் போன வாரம் எட்டு போட்டுப் பாஸ் ஆகிவிட்டான். வயது 19. ஆர்டிஓ ஆபீஸ் வாசலிலிருந்தே போன் வந்தது. "சித்தி, பாஸ்!" என்றவன் மூச்சு விடாமல், "டியூக் 200 எடுக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான். எங்கள் குடும்பத்தில் கியர் வண்டி ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான். அதனால் பைக் சம்பந்தப்பட்ட தூதெல்லாம் என் வழியாகத்தான் போகும். இந்த முறை நான் தூது போகவில்லை. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் இதே கேள்வியோடு வரிசையில் நிற்கிறார்கள்.

முதலில் அந்த எட்டு. டிரைவிங் ஸ்கூல்காரர் கொண்டுவந்த பழைய 100 சிசி வண்டி. முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாக வலது கால். காலைக் கீழே ஊன்றாமல் ஒரு சுற்று, முடிந்தது. மெதுவாகப் போகும்போது தடுமாறாமல் இருக்க அது நல்ல பழக்கம்தான், காய்கறிச் சந்தை நெரிசலில் தினமும் உதவும். ஆனால் எட்டு போடும்போது முன் பிரேக்கை யாரும் தொடுவதில்லை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது தொட்டால் வண்டி சாய்ந்துவிடும் என்று, விரலை எடுத்துவிடச் சொல்லித்தான் பழக்குகிறார்கள். ரோட்டில் விஷயம் தலைகீழ். பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் போகிறது, முன் டயர் ரோட்டை அழுத்துகிறது, வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆக, லைசென்ஸ் வாங்கிவிட்ட பையனுக்கு வண்டியின் முக்கியமான பிரேக்கே இன்னும் பழக்கமில்லை. மூன்றாவது கியருக்கு மேல் போனதில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்து ஓட்டியதில்லை. மழையில் ஓட்டியதில்லை.

ஆனால் அந்த அட்டை கைக்கு வந்ததும் நம் நாட்டில் எந்த கியர் வண்டியையும் ஓட்டலாம். 100 சிசிக்கும் அதே லைசென்ஸ், 1000 சிசிக்கும் அதே லைசென்ஸ். சிங்கப்பூரில் இருக்கும் என் பெரியப்பா மகன் இதைக் கேட்டால் சிரிப்பான். அங்கே முதலில் 2பி வகுப்பு, 200 சிசி வரைதான். ஒரு வருடம் அதில் ஓட்டிய பிறகுதான் 400 சிசி வரை ஓட்டுகிற 2ஏ. அதிலும் ஒரு வருடம் கழித்துத்தான் அதற்கு மேல். ஐரோப்பாவிலும் இப்படிப் படிப்படியாகத்தான் ஏற்றுகிறார்கள். இங்கே சட்டம் அந்த வேலையைச் செய்யாததால் வீட்டில் யாராவது செய்ய வேண்டியிருக்கிறது. செய்கிறவர் கெட்ட பெயர் வாங்கத் தயாராக இருக்க வேண்டும். நான் வாங்கிவிட்டேன்.

சரி, இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தகுதி? மாட்டுத் தீவன விற்பனை வேலையில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, நத்தம் என்று பதிமூன்று வருடமாகச் சுற்றுகிறேன். ஆனால் பெரிய தகுதி, முதல் வண்டியை நான் தப்பாக வாங்கினேன் என்பதுதான். 2012ல் லைசென்ஸ் வந்த மாதமே ஒரு செகண்ட் ஹேண்ட் 150 சிசி வண்டி எடுத்தேன். எனக்கு உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கடையில் சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதுதான் நான் செய்த மொத்த ஆராய்ச்சி. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு காலிலும் கட்டைவிரல் மட்டும்தான் தரையைத் தொடுகிறது என்று.

மூன்றாவது வாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட். தக்காளி லாரிக்கு வழிவிட ஓரமாக நிறுத்தி இடது காலை ஊன்றினேன். அங்கே ரோடு கொஞ்சம் சரிவு, கீழே அழுகின தக்காளி. கால் வழுக்கியது, வண்டி சாய்ந்தது. ஓடுகிற வண்டி இல்லை, நின்ற வண்டி. கிளட்ச் லீவர் உடைந்தது, இண்டிகேட்டர் போனது, என் முழங்கை தேய்ந்தது. மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் வந்து ஒரே கையால் வண்டியை நிமிர்த்திவிட்டு, "எதுக்கும்மா இவ்ளோ பெரிய வண்டி?" என்றார். பதில் இல்லை. ஐந்து மாதத்தில் பதினோராயிரம் நஷ்டத்துக்கு விற்றேன். அப்புறம் அப்பாவின் ஸ்பிளெண்டரில் ஒன்றரை வருடம். வண்டி ஓட்டக் கற்றது அதில்தான்.

அதனால் நான் சிசி கேட்பதற்கு முன் சீட் உயரத்தையும் எடையையும்தான் கேட்பேன். இரண்டும் கம்பெனி கொடுக்கிற தாளில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஸ்பிளெண்டரின் சீட் 785 மில்லிமீட்டர், எடை 112 கிலோ. யமஹா ஆர்15ன் சீட் 815. கிளாசிக் 350 எடுத்தால் சீட் 805, எடை 195 கிலோ. 30 மில்லிமீட்டர் என்பது பேப்பரில் ஒன்றுமில்லை, ரெட் சிக்னலில் அதுதான் குதிகாலுக்கும் கட்டைவிரலுக்கும் உள்ள தூரம். புல்லட் ரகம் ஓடும்போது மெத்தென்று போகும், சத்தமும் கம்பீரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரிவில் மூக்கு உள்ளே போகிற மாதிரி நிறுத்திவிட்டுத் திரும்ப வெளியே இழுத்துப் பாருங்கள். கோயில் வாசல் பார்க்கிங்கில் அப்படி மாட்டிக்கொண்டு சுற்றும்முற்றும் பார்க்கிற பையன்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

ஷோரூமுக்குப் போனால் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள், எடுங்கள். வண்டியில் உட்கார்ந்து கால்களால் பின்னால் உந்திப் பத்தடி போங்கள். விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும்.

இப்போது டியூக்குக்கு வருகிறேன். ஸ்பிளெண்டரில் இருப்பது சுமார் 8 குதிரைத்திறன். டியூக் 200ல் 25. மூன்று மடங்கு. அது மோசமான வண்டி என்று சொல்லவே மாட்டேன். நல்ல பிரேக், நல்ல டயர், வளைவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும். என் கவலை வேறு. புதிதாக ஓட்டுகிறவன் குழியில் விழுந்து எழும்போது கை தானாக ஆக்சிலேட்டரை இறுக்கும். இது எல்லாருக்கும் நடக்கும். 8 குதிரை வண்டியில் அப்படி இறுக்கினால் ஒரு உறுமல் உறுமிவிட்டுக் கொஞ்சம் நகரும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். 25 குதிரை வண்டி முன்னால் நிற்கிற ஷேர் ஆட்டோவின் முதுகில் கொண்டுபோய் விட்டுவிடும்.

"நான் மெதுவாத்தான் ஓட்டுவேன் சித்தி" என்றான். நம்புகிறேன். தனியாகப் போகும்போது மெதுவாகத்தான் ஓட்டுவான். பின்னால் நண்பன் உட்கார்ந்து, பக்கத்தில் இன்னொரு வண்டி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை சிறுமலை ஏறும்போது? பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. ஏறுவதுகூடப் பரவாயில்லை, இறங்குவதுதான் பாடம். இரண்டாவது கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்க வேண்டும் என்பது எந்த எட்டிலும் வராது. பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டி வருகிற புத்திசாலிகளை இன்றைக்கும் பார்க்கலாம். 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, அக்கா இந்தக் கணக்கைப் பார்க்காமல் இருந்தால் சரி.

இந்த இடத்தில் அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான், என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "சின்ன வண்டி சேஃப்னு சொல்றீங்க. ஆனா ஏபிஎஸ் பெரிய வண்டிலதானே இருக்கு?" உண்மைதான். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேல்தான் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு, கட்டாயம் ஆக்கினார்கள். அதற்குக் கீழே சிபிஎஸ் போதும் என்று விட்டார்கள். சிபிஎஸ் என்பது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிப்பது. பதறிப்போய்க் காலால் மட்டும் மிதிக்கிறவனுக்கு அது உதவும். ஆனால் மணல் கிடக்கிற வளைவில் முன் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. அதைத் தடுப்பது ஏபிஎஸ்தான். புதிதாகப் பழகுகிறவனுக்கு யாரைவிடவும் ஏபிஎஸ் அதிகம் தேவை, ஆனால் அவனுக்கு ஏற்ற வண்டிகளில் அது இல்லாமல் போனது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எக்ஸ்ட்ரீம் 125ஆர் போல ஒன்றிரண்டு 125களில் ஏபிஎஸ் மாடல் வந்திருக்கிறது. கூடுதல் பணம் கொடுத்தாலும் அதை எடுப்பேன். அலாய் வீலுக்கும் கலருக்கும் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுக்கலாம். நீங்கள் 160 சிசிதான் வாங்குவேன் என்று நின்றால், ஏபிஎஸ்சுக்காக வாங்குகிறேன் என்று சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். டாப் ஸ்பீடுக்காக என்றால் மூட மாட்டேன்.

அவன் கல்லூரிக்குப் போக வேண்டியது பதினான்கு கிலோமீட்டர், அதில் பாதி நாலுவழிச் சாலை. அந்தச் சாலையில் 100 சிசியில் போவது எனக்கே பிடிக்காது. பக்கத்தில் ஆம்னி பஸ் கடந்தால் காற்றிலேயே வண்டி ஆடும், முந்தவும் பலம் இருக்காது. ஆகவே அவனுக்கு 125. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு 100 தாராளம்.

பணக் கணக்கு அடுத்தது. மாமா லோன் போட்டுத் தரத் தயாராக இருக்கிறார், அதுதான் பிரச்சினையே. ஷோரூம் விலையைச் சொல்லித்தான் பையன்கள் வீட்டில் பேச ஆரம்பிப்பார்கள். அதற்கு மேல் தமிழ்நாட்டில் ஆயுள் வரி இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரையுள்ள வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் போனால் 12. புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மொத்தமாகக் கட்ட வேண்டும். 2022ல் அறிவித்த கட்டணத்தில் 75 சிசிக்கு மேல் 150 வரை 3,851 ரூபாய், 150ஐத் தாண்டினால் 350 வரை 7,365. ஆர்15 155 சிசி, அந்த ஐந்து சிசிக்காக மேல் தட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். 2025 செப்டம்பரில் 350 சிசி வரை ஜிஎஸ்டியை 28லிருந்து 18 ஆகக் குறைத்தது நல்ல விஷயம்தான், ஆனால் மிச்சமான பணத்தில் இன்னும் பெரிய வண்டி என்று எங்கள் வீட்டில் கணக்கு ஓடியதையும் சொல்லியாக வேண்டும்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. லோன் போட்ட புது வண்டி கீழே விழுந்தால் பையன் முதலில் தன் முழங்காலைப் பார்க்க மாட்டான், டேங்கில் கீறல் விழுந்ததா என்று பார்ப்பான். முதல் வருடம் எல்லாரும் ஒரு தடவையாவது வண்டியைச் சாய்ப்பார்கள். ஏற்கெனவே நாலு கீறல் உள்ள வண்டி என்றால் அப்பாவிடம் மறைக்க வேண்டியதும் இல்லை.

அதனால் என் யோசனை: மூன்று, நான்கு வருடம் ஓடிய 125. ஹோண்டா ஷைனோ டிவிஎஸ் ரைடரோ, பக்கத்தில் நல்ல மெக்கானிக் இருக்கிற எந்த மாடலோ. பார்க்கப் போகும்போது காலையில் போக வேண்டும், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறதா என்று தெரியும். முன்னால் ஃபோர்க்கில் ஆயில் கசிவு, ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் மாட்டிக்கொள்கிற கோன்செட் (ஹேண்டில் சுழல்கிற பேரிங்), தொங்குகிற செயின் எல்லாம் பார்க்கலாம். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 3519 என்றால் 2019ன் 35வது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அந்த வயதில் ரப்பர் கட்டையாகியிருக்கும். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். "கடன் முடிஞ்சிருச்சு, பேப்பர் அடுத்த வாரம்" என்றால் பணமும் அடுத்த வாரம். எனக்கு அந்த 150ஐ விற்ற கடையில் அப்படித்தான் சொன்னார்கள், நான் எட்டு மாதம் அலைந்தேன். வண்டியை விற்ற பிறகும் அலைந்தேன் என்பதைக் கவனிக்கவும்.

மிச்சப் பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு, ஒன்று அக்காவுக்கு. போலீஸ் பிடித்தால் ஆயிரம் ரூபாய் என்பதற்காக வாங்குகிற ரோட்டோர ஹெல்மெட் வேண்டாம், கடையில் போட்டுப் பார்த்துக் கன்னம் இரண்டும் இறுகுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு ரெயின்கோட். புது டயர் தேவையென்றால் அது. சாரி கார்டைக் கழற்றக் கூடாது. ஸ்டைலுக்காகக் கழற்றுவதாகச் சொன்னான், ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அம்மா அந்த வண்டியில்தானே போகப் போகிறாள்.

"ஆறு மாசத்துல சலிச்சிடும் சித்தி." சலிக்கட்டும். சலித்தால் பழகிவிட்டது என்று அர்த்தம். ஸ்பிளெண்டர், ஷைன் ரகமெல்லாம் விற்கும்போது பெரிய நஷ்டம் வைக்காது. ஒரு வருடம், ஒரு மழைக்காலம், ஒரு சிறுமலை இறக்கம். அதன்பின் டியூக் வேண்டுமென்றால் நானே அக்காவிடம் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதிக் கொடுக்கச் சொன்னான், எழுதிக் கொடுத்தேன். தேதியோடு கேட்டான்.

நாளை காலை ஆறரைக்கு வேடசந்தூரில் ஒரு வண்டி பார்க்கப் போகிறோம். 125, ஒரே ஓனர், ரிடயர்டு வாத்தியார் ஓட்டியது. ஐம்பத்தெட்டு சொல்கிறார், ஐம்பதுக்குக் கேட்கலாம் என்று இருக்கிறேன். பையனுக்கு ஒரே குறை, வண்டி மெரூன் கலராம்.