தத்துவம் படிக்க வரும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

பி.ஏ. தத்துவம் எடுத்தால் ஆசிரியர் வேலையை விட்டால் வேறு கதியில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கான யூபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப்பாடம். இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். 2013 முதல் அறவியல் எல்லோருக்குமான பொதுத்தாளாகவே வந்துவிட்டது, அது தனியாக 250. சட்டம், இதழியல் என்று மேலே போகவும் தடையில்லை.

சரி, வேலை இருக்கட்டும். வகுப்பில் என்ன கற்கிறார்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லையே! தர்க்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அனுமானத்தை, அதாவது தெரிந்ததை வைத்துத் தெரியாததை முடிவுசெய்யும் முறையை, ஐந்து உறுப்பாகப் பிரித்துக் காட்டுகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அப்புறம் எடுத்துக்காட்டை இந்த மலைக்குப் பொருத்துவது உபநயம், முடிவைச் சொல்வது நிகமனம். அதோடு விடாமல், ஏது எப்படியெல்லாம் போலியாகும் என்று வகை வகையாக விரித்துக்கொண்டே போகிறார். இதை ஊன்றிப் படித்த பிள்ளை, வாட்ஸ்அப்பில் வருகிற எந்தச் செய்தியையும் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடாது. ‘ஏது எங்கே?’ என்று முதலில் கேட்கும். பதினெட்டு வயதில் இந்தப் பழக்கம் வருவது எவ்வளவு பெரிய விஷயம்!

முழுப் பட்டமாக எடுக்கத் தயக்கம் இருந்தால், கல்லூரியில் வாய்ப்புள்ளவர்கள் அலைடு (துணைப்) பாடமாகவாவது எடுக்கலாம். கணினி அறிவியல் மாணவர்களுக்குக் கூற்றுகளைக் குறியீடுகளாக எழுதி ஆராயும் குறியீட்டுத் தர்க்கம் புதிதாகவே இருக்காது. ஒரு கூற்று எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் மெய்மை அட்டவணை இரண்டு வகுப்பிலும் ஒன்றுதான்.