அகதி முகாமுல தலைக்கு பத்தாயிரமா? அந்த ஃபார்வர்ட் பொய்ங்க

நம்ம சேலம் குரூப்புல ரெண்டு நாளா ஒரு மெசேஜ் சுத்துது, இலங்கைத் தமிழர் முகாமுல தலைக்கு மாசம் 10,000 ரூபா தர்றாங்களாம், எல்லாருக்கும் ஓட்டும் இருக்காம். ரெண்டுமே பொய்.

2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு உயர்த்தி அறிவிச்ச தொகை, குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, 12 வயசுக்குள்ள பிள்ளைக்கு 500. புருஷன் பொண்டாட்டி ரெண்டு சின்னப் பிள்ளைங்கன்னா மொத்த வீட்டுக்கே 3,500தான் வருது, கணக்கு போட்டு பாருங்க, இந்த விலைவாசில அது எத்தன நாளைக்கு காணும். அதுக்கு முன்னாடி தலைவருக்கு ஆயிரம்தான்.

ஓட்டு விஷயமும் அப்படித்தான், இந்தியக் குடியுரிமை இருந்தாத்தான் ஓட்டு. 2019ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான், இலங்கை பேரே இல்ல. 1983 கலவரத்துக்கு அப்பறம் உசுர கைல புடிச்சிட்டு படகேறி வந்தவங்க பலபேரு இன்னும் அகதிதான், இங்கயே பொறந்த பேரப்பிள்ளைங்களும் சேத்து.

போன வருசம் எங்க வீட்டுக்கு பெயிண்ட் அடிச்ச அண்ணன் தாரமங்கலம் பக்கம் பவளத்தானூர் முகாம்தான். நகக்கண்ணுல சுண்ணாம்பு போகவே இல்ல, மத்தியானம் டிபன் பாக்ஸ தொறந்தா தேங்காசம்பல் வாசம், "தம்பி கொஞ்சம் சாப்பிடுங்கோ"ன்னு எனக்கும் வெச்சாரு. அந்த மெசேஜ்ல இவங்கள சும்மா உக்காந்து சாப்பிடுறவங்கன்னு எழுதுன புண்ணியவான் அவரோட ஒரு நாள் சாரம் ஏறிப் பாக்கட்டும். குரூப் அட்மின் அண்ணே, அந்த மெசேஜ தூக்கிருங்க.